பனிமனிதன் கதையாலே நமக்கு லாபமே!

(பட்டிமன்றத் தலைப்பு: பனிமனிதன் கதையால் மனிதன் பெரிதும் அடைந்தது லாபமா? நஷ்டமா? ‘லாபமே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுநிலை தவறாத நடுவர் அவர்களே! எனக்கு முன்னாலே பேசி, பனிமனிதனைக் கொன்று, புதைத்து, பாலும் தெளித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிற எதிரணித் தலைவர் அவர்களே! (சிரிப்பு) என் அணி நண்பர்களே! அரங்கம் நிறையக் கூடியிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே அடுப்பை அணைத்துவிட்டும், சில வீட்டிலே அணைக்க மறந்துவிட்டும் தொலைக்காட்சிக்கு முன்னாலே உட்கார்ந்திருக்கிற அன்பு நேயர்களே! 

எதிரணித் தலைவர் ஒரே ஒரு பழமொழியை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் வண்டி ஓட்டினார். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.” இமயமலையிலே பனிமனிதன் என்று எவனும் இல்லை, இருப்பது கரடி. கரடியைப் பார்த்துப் பயந்தவன் கட்டிவிட்ட கதை இது. இதை நம்பி நூறு வருஷமாகக் காசும் போச்சு, காலமும் போச்சு, ஆகவே நஷ்டமே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அது கரடிதான். (சிரிப்பு) நீங்கள் திடுக்கிட வேண்டாம், நான் அணி மாறவில்லை. பனிமனிதன் இருக்கிறானா, இல்லையா என்பது இன்றைய தலைப்பே இல்லையே! பனிமனிதன் *கதையாலே* லாபமா, நஷ்டமா என்பதுதானே தலைப்பு? கேட்காத கேள்விக்கு எட்டுப் பக்கம் பதில் எழுதினால் எந்தப் பரீட்சையிலே ஐயா மார்க் போடுவார்கள்? (கைதட்டல்)

முதலிலே இந்தக் கதாநாயகனை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். நேபாளத்திலே, எவரெஸ்ட் சிகரத்தின் காலடியிலே, சோலுகும்பு என்று ஒரு பகுதி. அங்கே ஷெர்பா மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் சொல்லுகிற பேர் யெட்டி. ‘யே’ என்றால் பாறை, ‘தே’ என்றால் விலங்கு, கரடி என்று பொருள் சொல்லுகிறார்கள். நம்ம ஊர்க் காதிலே அது ‘எட்டி’ என்று விழுகிறது. பொருத்தமான பேர்தான்! எட்டி நின்றவன் எல்லாரும் பார்த்தேன் என்கிறான். கிட்டப் போனவன் ஒருத்தனும் பார்த்ததில்லை. (சிரிப்பு)

அவனுடைய அங்க அடையாளம் என்ன? ஆள் உயரம் இருப்பான், சில ஊர்க் கதையிலே ஆளைவிட உயரமாக இருப்பான். உடம்பு முழுக்கச் செம்பழுப்பு ரோமம். கூம்பு மாதிரி உச்சந்தலை. முழங்கால் வரைக்கும் தொங்குகிற கை. குரங்கும் இல்லை, மனிதனும் இல்லை, இரண்டும் கலந்த உருவம். இரண்டு காலிலே நடப்பான், அவசரம் என்றால் நாலு காலிலே ஓடுவான். முதலிலே நாற்றம் வரும், அப்புறம்தான் ஆள் வருவான். கூப்பிடுகிற குரல் விசில் அடித்த மாதிரி இருக்கும். யாக் எருமையின் கொம்பைப் பிடித்து ஒரு திருகு, கழுத்து முறிந்துவிடும். பாதம் பின்பக்கமாகத் திரும்பியிருக்கும் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அதாவது, அவனைத் துரத்திக்கொண்டு போகிறோம் என்று நாம் நினைப்போம். உண்மையிலே அவன் வந்த வழியிலே போய்க்கொண்டிருப்போம்! (சிரிப்பு)

பேர்தான் பனிமனிதன். வாசம் பனியிலே இல்லை. பனிக்கோட்டுக்குக் கீழே இருக்கிற ரோடோடெண்ட்ரான் காட்டிலேதான் குடியிருப்பு. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகும்போது மட்டும் பனியைக் கடப்பான் என்பது அந்த ஊர்க் கணக்கு. அவன் துரத்தினால் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? மேட்டுப் பக்கம் ஓடக் கூடாது. பள்ளத்துப் பக்கம் ஓட வேண்டும். அவன் இறங்கி வரும்போது தலைமயிர் முன்னாலே விழுந்து கண்ணை மறைத்துவிடுமாம்.

கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த மலையிலே ஒரு பையன் யாக் மேய்க்கப் போகிறான். இருட்டினால் கரடி உண்டு, பனிச்சிறுத்தை உண்டு, கால் வைத்தால் காணாமல் போகிற பள்ளம் உண்டு. “தம்பி, மாலை 6 மணிக்கு மேல் வனப்பகுதிக்குள் செல்லற்க” என்று போர்டு எழுதி வைத்தால் படிப்பானா? பகலிலேயே நாம் ‘இங்கே துப்பாதீர்கள்’ போர்டைப் படித்துவிட்டு அதன் மேலேயே துப்புகிற ஜாதி! (சிரிப்பு, கைதட்டல்) ஆனால் “காட்டுக்குள்ளே விசில் சத்தம் கேட்டால் திரும்பி வந்துவிடு, நாற்றம் வந்தால் நிற்காதே, அவனைக் கண்ணாலே பார்த்தாலே கெட்டது நடக்கும், தேடிப் போகாதே” என்று கதையாகச் சொன்னால், பையன் சாகிற வரைக்கும் மறக்க மாட்டான். நம்ம ஊர் எல்லையிலே முனி நிற்கிற மாதிரி, அந்த ஊர்க் காட்டு எல்லையிலே யெட்டி நிற்கிறான். எழுதாத சட்டம், சம்பளம் வாங்காத வாட்ச்மேன்! இது லாபமா, நஷ்டமா?

இன்னொரு ஷெர்பாக் கதை கேளுங்கள். யெட்டிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம். மனிதன் எதைச் செய்தாலும் அதை அப்படியே செய்து பார்ப்பார்கள். ஒரு காலத்திலே யெட்டிக் கூட்டத்தின் தொல்லை ஊருக்குத் தாங்கவில்லை. ஊர்க்காரர்கள் கூடி ஒரு திட்டம் போட்டார்கள். எல்லாரும் ஓரிடத்திலே கூடினார்கள். குடிக்கிற மாதிரி நடித்தார்கள். மரக் கத்தியாலே ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கொள்கிற மாதிரி நடித்தார்கள். பொழுது சாய்ந்ததும் அசல் சாராயத்தையும் அசல் கத்தியையும் அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறைந்திருந்து பார்த்த யெட்டிகள் இறங்கி வந்தன. மூக்கு முட்டக் குடித்தன. கத்தியை எடுத்தன. விடிவதற்குள்ளே வெட்டிக்கொண்டு செத்தன. மிச்சம் இருந்த ஒன்றிரண்டு மலை மேலே ஓடிப் போய் ஒளிந்துகொண்டன. அதனாலேதான் இன்றைக்கு யெட்டி கண்ணிலே படுவதில்லை என்று முடிகிறது கதை.

இது யாரைப் பற்றிய கதை என்று நினைக்கிறீர்கள்? அடுத்தவன் குடிக்கிறான் என்று நானும் குடித்தேன், அடுத்தவன் அடித்தான் என்று நானும் அடித்தேன் என்று அழிந்து போகிறது எந்த இனம்? அதற்கு உடம்பெல்லாம் ரோமம் இருக்கிறதா, வேட்டி சட்டை போட்டிருக்கிறதா? (நீண்ட கைதட்டல்)

நடுவர்: முன் வரிசையிலே ரெண்டு மூணு பேர் தலையைக் குனிஞ்சுட்டாங்க. நீங்க மேலே போங்க. (சிரிப்பு)

நன்றி ஐயா. மேலே போகிறேன், 20,000 அடிக்கு மேலே! 1921-ம் வருஷம். எவரெஸ்டுக்கு வழி கண்டுபிடிக்க ஆங்கிலேயர்கள் போனார்கள். தலைவர் பேர் ஹோவர்ட் பரி. பனியிலே பெரிய பெரிய காலடித் தடம். ஓநாய் ஓடிய தடமாக இருக்கும் என்று அவரே எழுதினார். கூட வந்த சுமைதூக்கிகள் ‘மெதோ காங்மி’ என்றார்கள். அவர்கள் டார்ஜிலிங் திரும்பியதும், கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையிலே எழுதிக்கொண்டிருந்த ஹென்றி நியூமன் அவர்களை விசாரித்தார். ‘மெதோ’ என்ற சொல்லை அருவருப்பானது என்று மொழிபெயர்த்துவிட்டார். ‘அருவருப்பான பனிமனிதன்’ என்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

எதிரணி நண்பர்கள் கவனிக்க வேண்டும். ஷெர்பா வைத்த பேரிலேயே கரடி இருக்கிறது. அவன் ஏமாறவில்லை! ஏமாந்தது யார்? ஒரு சொல்லைச் சரியாகக் காதிலே வாங்காமல் அச்சிலே ஏற்றிய படித்தவன். நம்ம ஊரிலே யாராவது பொய் சொன்னால் ‘கரடி விடாதே’ என்கிறோம். இமயமலையிலே மட்டும்தான் ஐயா, கரடி விட்டதே கரடி! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

1951-லே எரிக் ஷிப்டன் என்ற மலையேறி, பனிக் கோடரியைப் பக்கத்திலே வைத்து ஒரு காலடித் தடத்தைப் படம் பிடித்தார். அவ்வளவுதான், உலகத்துக்கே ஜுரம் வந்துவிட்டது. 1954-லே லண்டன் டெய்லி மெயில் பத்திரிகை ஒரு படையையே அனுப்பியது. டெக்சாஸ் எண்ணெய்ப் பணக்காரர் டாம் ஸ்லிக் பணத்தைக் கொட்டினார். எதிரணித் தலைவர் இதையெல்லாம் நஷ்டக் கணக்கிலே எழுதினார். செலவு செய்தவன் பக்கத்திலே நின்று பார்த்தால் நஷ்டம்தான். கொஞ்சம் நேபாளத்துப் பக்கம் வந்து நின்று பாருங்கள்!

யெட்டியைத் தேடி வருகிறவர்களுக்கு நேபாள அரசு விதி போட்டது. 1959-லே காத்மாண்டுவிலிருந்த அமெரிக்கத் தூதரகம் அந்த விதிகளைத் தன் நாட்டுக்கு எழுதி அனுப்பியிருக்கிறது. தேடுவதற்கு அனுமதிக் கட்டணம் இந்திய ரூபாயிலே 5,000. கண்டால் படம் பிடிக்கலாம், உயிரோடு பிடிக்கலாம். தற்காப்புக்குத் தவிர சுடக் கூடாது. இல்லாத ஜீவனுக்கு லைசென்ஸ் பீஸ்! (சிரிப்பு) சிரித்துவிட்டு அந்த மூன்றாவது விதியைத் திரும்பப் பாருங்கள். தராய்க் காட்டிலே ராஜாக்கள் புலியைச் சுட்டு, அதன் மேலே காலை வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. இருக்கிற புலிக்குக் கிடைக்காத பாதுகாப்பு, இல்லாத யெட்டிக்குக் கிடைத்தது. அதைக் கொடுத்தது கதை!

இப்போது என்னுடைய முக்கியமான சாட்சிக்கு வருகிறேன். 1960. எவரெஸ்டை வென்ற எட்மண்ட் ஹிலாரி, பனிமனிதனைத் தேடி ஒரு குழுவோடு வருகிறார். சிகாகோவிலிருந்து கலைக்களஞ்சியம் போடுகிற கம்பெனி செலவை ஏற்றுக்கொண்டது. வெயில் பட்ட சரிவிலே ராட்சசக் காலடித் தடம் தெரிகிறது. விடாமல் பின்னாலேயே போகிறார்கள். அதே தடம் நிழலுக்குள்ளே நுழைந்ததும் சின்ன நரித் தடமாகிவிட்டது! வெயிலிலே பனி உருகி, நாலு கால் பட்ட குழிகள் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே பெரிய பாதம் ஆகியிருக்கிறது. கரடி நடந்தாலும் இதே கதைதான். பின்காலை முன்கால் தடத்தின் மேலே பாதி வைத்து நடக்கும். இரண்டு தடமும் சேர்ந்தால் மனிதப் பாதம் மாதிரி நீளமாகத் தெரியும். 2019 ஏப்ரலிலே நம் இந்திய ராணுவமே மக்காலு முகாம் பக்கத்திலே 32 அங்குல நீளம், 15 அங்குல அகலத்திலே யெட்டித் தடம் பார்த்தோம் என்று படம் போட்டதே! அந்தப் பகுதி ஆட்கள் கரடி என்று சொல்லிவிட்டார்கள். அந்த அளவுக்குச் செருப்புத் தைக்க வேண்டுமென்றால் ஒரு மாட்டுத் தோல் போதாது. (சிரிப்பு)

ஹிலாரி கதைக்கு வருகிறேன். கும்ஜுங் என்கிற கிராமத்து மடத்திலே யெட்டியின் மண்டைத் தோல் என்று ஒன்றைப் பூஜையிலே வைத்திருந்தார்கள். ஆராய்ச்சிக்கு வேண்டும் என்றார் ஹிலாரி. ஊர் கூடிப் பேசியது. குறித்த நாளுக்குள்ளே திருப்பித் தர வேண்டும், கூடவே எங்கள் ஆளும் வருவார் என்றார்கள். கும்ஜோ சும்பி என்கிற ஊர்ப் பெரியவர் அந்தத் தோலோடு விமானம் ஏறினார். சிகாகோ, பாரிஸ், லண்டன் மூன்று நகரமும் பார்த்தார். விஞ்ஞானிகள் சோதித்தார்கள். செரோ என்கிற மலை ஆட்டின் தோலை அச்சிலே இழுத்துக் கூம்பாகச் செய்தது என்று தீர்ப்பு வந்தது. தோல் பத்திரமாக ஊர் திரும்பியது.

எதிரணி இங்கே கதையை முடித்துவிடுகிறது. பொய் அம்பலமாயிற்று, நஷ்டம்! ஆனால் அதே பயணத்திலே ஹிலாரி அந்த மக்களிடம், உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அவர்கள் பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டார்கள். (கைதட்டல்) கல்வியைக் கண் என்று சொன்ன நம் வள்ளுவரை அவர்கள் படித்தவர்கள் இல்லை. ஆனால் கண் இல்லாததன் வலி தெரிந்தவர்கள். 1961-லே கும்ஜுங்கிலே பள்ளிக்கூடம் எழுந்தது. அதற்குப் பின்னாலே அந்த மலையிலே இருபதுக்கும் மேலே பள்ளிக்கூடங்கள், 1966-லே குந்தேயிலே ஆஸ்பத்திரி. அந்தப் பள்ளியிலே படித்த ஷெர்பாப் பிள்ளைகள் டாக்டர் ஆனார்கள், விமானி ஆனார்கள். பனிமனிதனைத் தேடி வந்தவன் மனிதனைப் பார்த்துவிட்டுப் போனான்! இதைவிட என்ன லாபம் வேண்டும்? (நீண்ட கைதட்டல்)

உடனே எதிரணித் தங்கை சீட்டு எழுதுகிறார். என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். “பாங்போச்சே மடத்துக் கை என்ன ஆயிற்று?” நியாயமான கேள்வி. அந்த மடத்திலே யெட்டியின் கை என்று ஒன்றை வைத்திருந்தார்கள். 1959-லே பீட்டர் பைர்ன் அதிலிருந்து ஒரு விரலை எடுத்துக்கொண்டு, வேறொரு மனித விரலை அந்த இடத்திலே வைத்துவிட்டார். ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் அவர் மனைவியும் பெட்டியிலே வைத்து லண்டனுக்குக் கொண்டு போனார்கள். 2011-லே மரபணு சோதனை செய்தபோது அது மனித விரல் என்று தெரிந்தது. மடத்திலே மிச்சம் இருந்த கையும் 1990-களிலே திருடு போய்விட்டது.

அது நஷ்டம்தான் தங்கச்சி. நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்த விரலை எடுத்தது கதையா? கதை என்ன சொன்னது? தேடிப் போகாதே, தொடாதே என்றுதானே சொன்னது! ஹிலாரி கேட்டு வாங்கினார், சொன்ன நாளிலே திருப்பிக் கொடுத்தார், ஊர் பள்ளிக்கூடம் பெற்றது. இன்னொருவர் கேட்காமல் எடுத்தார், ஊர் இருந்ததையும் இழந்தது. கதை ஒன்றுதான், கை வைத்தவன் மனசு வேறே! கோயில் உண்டியலை ஒருத்தன் உடைத்தால், சாமியையா ஜெயிலிலே போடுவீர்கள்? (கைதட்டல்)

கடைசியாக ஒரு வரவுக் கணக்கு. 2017-லே அமெரிக்காவிலே பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லட் லிண்ட்க்விஸ்ட் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் குழுவும், யெட்டியினுடையவை என்று பாதுகாக்கப்பட்ட 9 மாதிரிகளைச் சோதித்தார்கள். எலும்பு, பல், தோல், ரோமம். 8 கரடி, 1 நாய்! (சிரிப்பு) ஆனால் அதோடு ஒரு செய்தி கிடைத்தது. இமயமலைப் பழுப்புக் கரடி, மற்ற பழுப்புக் கரடிகளிடமிருந்து ஏறத்தாழ ஆறரை லட்சம் வருஷத்துக்கு முன்னாலேயே பிரிந்து தனி வழியிலே வந்த இனம் என்று தெரிந்தது. இன்றைக்கு அது மிகவும் அருகிப் போய், அழிவின் விளிம்பிலே நிற்கிறது. நான் கேட்கிறேன், ‘கரடித் தோல்’ என்று சொல்லியிருந்தால் அதை எவன் தலைமுறை தலைமுறையாகப் பட்டுத் துணியிலே சுற்றி வைத்திருப்பான்? மிதியடியாகப் போட்டுத் தேய்த்திருப்பான்! யெட்டி என்று சொன்னதனாலே காப்பாற்றினான். காப்பாற்றியதனாலே கரடியின் வரலாறு நம் கைக்கு வந்தது.

பூட்டானுக்குப் போங்கள். அங்கே யெட்டிக்கு ‘மிகோய்’ என்று பேர். நினைத்த நேரத்திலே கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுவான் என்பது அவர்கள் கதை. கிழக்கு பூட்டானிலே சாக்தெங் சரணாலயம் 2003-லே வந்தது. 700 சதுர கிலோமீட்டருக்கு மேலே காடு. அது மிகோய்க்கும் சேர்த்து ஒதுக்கிய காடு என்று சொல்லப்படுகிறது. மிகோய் அங்கே வசிக்கிறானோ இல்லையோ, சிவப்புப் பாண்டா வசிக்கிறது, கரடி வசிக்கிறது, ரோடோடெண்ட்ரான் பூத்துக் கிடக்கிறது. இல்லாதவன் பேரிலே பட்டா போட்டார்கள், இருக்கிற உயிரெல்லாம் குடியிருக்கிறது! நம்ம ஊரிலே தலைகீழ். இருக்கிற ஏரிக்கே பட்டா மாற்றி வீடு கட்டிவிடுகிறோம். (பலத்த கைதட்டல்)

(மணி அடிக்கிறது)

சிவபூஜையிலே கரடி புகுந்த மாதிரி மணி அடித்துவிட்டார்கள். (சிரிப்பு) முடித்துக்கொள்கிறேன் ஐயா.

மலைகளையெல்லாம் அளந்த ரெய்ன்ஹோல்ட் மெஸ்னர், 1986-லே திபெத்துக் காட்டிலே மாலை இருட்டிலே நிமிர்ந்து நின்ற ஒரு பெரிய உருவத்தைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் அதைத் தேடி அலைந்தார். அது கரடி என்ற முடிவுக்கு வந்தார். அவர் அதை நஷ்டம் என்று தலையிலே துண்டு போட்டுக்கொண்டு உட்காரவில்லை, புத்தகமாக எழுதினார். எது என்று தெரிந்துகொள்வதும் லாபம்தானே!

எதிரணியினர் செலவுப் பக்கத்தை மட்டும் புரட்டினார்கள். நான் வரவுப் பக்கத்தைப் புரட்டிக் காட்டியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், நோயாளிக்கு ஒரு ஆஸ்பத்திரி, உயிர்களுக்கு ஒரு காடு, விஞ்ஞானத்துக்கு ஒரு கரடியின் வம்ச வரலாறு. நூறு வருஷம் உலகம் ஒரு பொய் உருவத்தைத் தேடியது. இப்போது மெய்யான உயிர் எது என்று தெரிந்துவிட்டது. யெட்டியைத் தேடக் கொட்டிய அக்கறையிலே பாதியை அந்தப் பழுப்புக் கரடிக்குக் கொடுத்தால் அது பிழைத்துக்கொள்ளும். கொடுக்காமல் விட்டால், நாளைக்கு நம் பேரன் பேத்திக்குக் கரடியையும் கதையாகத்தான் சொல்ல வேண்டி வரும். அப்போது எதிரணித் தலைவர் மாதிரி ஒருத்தர் எழுந்து, “கரடியாவது, மண்ணாங்கட்டியாவது, எல்லாம் அரண்டவன் கண்” என்பார்!

அந்த நிலை வராமல் இருக்க, பனிமனிதன் கதையாலே நாம் பெரிதும் அடைந்தது லாபமே, லாபமே என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்புத் தர வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)